மருமகன் வாங்கிய மோட்டார் வண்டி

சென்ற தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாகவே என் அக்காவின் மகன் கொழும்பிலிருந்து ஊர் வந்து சேர்ந்தான். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நான்காண்டு காலமாக வேலை பார்த்து வரும் பிள்ளை அவன். உடப்புசல்லாவைத் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பலரைப் போலவே, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் மட்டுமே அவனுக்கு ஊர் சொந்தம். வந்தவன் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தேநீரை அருந்தி முடித்துவிட்டு, மெல்லப் பேச்செடுத்தான்.

“மாமா, சேர்த்த காசுல ஒரு நைட்ரோ கார் வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்குறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆதலால், அப்படியொரு பொருளை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்ல நா எழவில்லை. “விபரம் சொல், பார்ப்போம்” என்றேன். அவன் கைத்தொலைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டினான். ஒன்றரை அடி நீளமுள்ள மோட்டார் வண்டி; உள்ளே உண்மையான எஞ்சின்; கையில் ஒரு வானொலிக் கருவி. நாம் நின்ற இடத்தில் நின்றபடியே வண்டியை ஓட்டலாம், திருப்பலாம், நிறுத்தலாம். விலை 85,000 ரூபாய் வரையில் ஆகும் என்றான். அக்கா கொழுந்து பறித்து அந்தத் தொகையை ஈட்டுவதாயின் இரண்டரை மாதக் கூலிக்குக் குறையாது. அந்தக் கணக்கு என் மனத்தில் ஓடியதை அவனும் கண்டுகொண்டான் போலும், முகம் சுருங்கிவிட்டது.

குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயத்தைப் பார்க்க, அவன் எட்டு வயதுப் பையனாக இருந்தபோது தோளில் சுமந்து சென்றவன் நானேதான். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் வாயாலேயே எஞ்சின் ஓட்டிக்கொண்டு வந்தான். அதற்கும் முன்னே போவோமானால், எங்கள் காலத்தில் சப்பாத்துப் பொலிஷ் டின் மூடிகளைச் சில்லாக்கி வண்டி செய்து இழுத்தவர்கள்தாமே நாமும்? சிறிய வண்டிகள் இம்மலைக்குப் புதியனவுமல்ல. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சிறு புகைவண்டி 1904ஆம் ஆண்டு தொட்டு ஓடியதும், 1940களில் அது நிறுத்தப்பட்டதும் பழையவர்கள் அறிந்த செய்தி. அதற்கு உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர். ஆனால் ரெயில் எங்கள் ஊர்வரை வந்து சேரவேயில்லை!

ஆகவே மறுப்புச் சொல்லாமல், அன்றிரவே படிக்க உட்கார்ந்தேன்.

நைட்ரோ வண்டி என்பது பெற்றோலில் ஓடுவதன்று. மெதனோல் என்னும் மதுசாரம் பெரும்பங்கு. நைட்ரோமெதேன் நூற்றுக்கு இருபது பங்கு அளவில். மிகுதி ஆமணக்கெண்ணெயோ வேறு எண்ணெயோ. எஞ்சினுக்குள் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. அதற்குப் பதிலாக, பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஒன்றரை வோல்ற் மின்சாரம் கொடுத்து அதைச் செந்தணலாக்குகிறார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்சாரத்தை எடுத்துவிடலாம். மெதனோல் ஆவி பிளாட்டினத்தில் பட்டு நிகழும் இரசாயன மாற்றமும் எரிப்பின் வெப்பமுமே அந்தத் தணலை அணையாமல் காக்கின்றன. 1947ஆம் ஆண்டு அமெரிக்கரான ரே ஆர்டன் என்பவர் விளையாட்டு விமானங்களுக்கென இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெற்றோலை ஊற்றினால் ஏன் ஓடாது என்று பின்னர் லயத்துப் பிள்ளைகள் கேட்டபோது, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒரு முழுப் பாடமே நடத்திவிட்டார் என்பது வேறு கதை.

மருமகன் மனத்தில் வைத்திருந்தது ஒரு பந்தயக் கார். தரையோடு தரையாகப் படுத்து, பளபளவென்று, காண்பவர் கண்ணைப் பறிக்கும் வண்டி. மறுநாட் காலையில் நான் அவனை அழைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தேன். “இந்த வண்டியை எங்கே ஓட்டப் போகிறாய், காட்டு” என்றேன். லயத்து வாசல் கருங்கல் பாவியது. பெரட்டுக் களம் சரளைக் கல். தொழிற்சாலைக்குப் போகும் தார்ப்பாதை வளைந்து வளைந்து செல்வது. கொழுந்து லொறி எந்த நேரமும் வரும். ஐம்பது அடி சமதரை எங்குமே இல்லை. பாடசாலை மைதானம் ஒன்றுதான் மிச்சம். அதிலும் புல்லும் பள்ளமும். அந்தப் படுத்த கார் இங்கே பத்தடி போகுமுன் வயிறு தட்டி நின்றுவிடும் என்பதை நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். பெரிய சில்லும் உயர்ந்த அடிப்பாகமும் நாலு சில்லிலும் இழுவையும் உடைய டிரக் வகைதான் நமக்கு என்ற முடிவு அவ்விடத்திலேயே ஏற்பட்டது.

இனி அளவு. உண்மை வண்டியில் எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று இரண்டு அளவுகள் பரவலாக விற்கின்றன. பெரியதுதான் வேண்டும் என்று இளமை சொல்லிற்று. அதன் தாங்கி ஏறக்குறைய 125 மில்லிலீற்றர் குடிக்கும், சிறியது 75. ஒரு லீற்றர் எரிபொருள் பெரியதற்கு எட்டு முறை, சிறியதற்குப் பதின்மூன்று முறை. ஒரு முறை ஊற்றினால் பத்து நிமிட ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். எரிபொருளோ கொழும்பில் வாங்கிச் சுமந்து வரவேண்டிய பண்டம். எளிதில் தீப்பற்றுவதால் விமானப் பயணத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரவும் முடியாது. ஆகவே, டுபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவருவார் என்ற அவன் கனவும் கலைந்தது. பத்தில் ஒரு பங்கு வண்டி, 0.18 கன அங்குல எஞ்சின், அதாவது ஏறக்குறைய 3 கன சென்ரிமீற்றர். ஒரு மேசைக்கரண்டி கொள்ளுமளவும் இல்லாத அந்த உருளைக்குள் முசலம் நிமிடத்துக்கு முப்பதினாயிரம் தடவை ஏறி இறங்கும் என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கிறது.

பூட்டி முடித்த வண்டியா, பாகமாக வாங்கி நாமே பூட்டுவதா என்பதில் எனக்கும் அவனுக்கும் சிறு வாக்குவாதம். பூட்டிப் பழகினால் கழற்றவும் தெரியும் என்பது என் கட்சி. ஆறு நாள் விடுமுறையில் அதற்கு நேரமேது என்பது அவன் கட்சி. அவன் கட்சியே வென்றது. ஆனால் உதிரிப்பாகம் கொழும்பிலேயே கிடைக்கும் வகையைத்தான் வாங்கவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய வண்டி ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொன்னதையும் தடுத்துவிட்டேன். இவ்வகை எஞ்சினில் முசலம், உருளையின் மேற்பகுதியில் இறுக்கமாகப் பிடித்து நிற்கவேண்டும். அந்தப் பிடி தேய்ந்துபோனால் அழுத்தம் போய்விடும். வெளியே எவ்வளவு துடைத்து மினுக்கினாலும் பயனில்லை.

பற்றரியில் ஓடும் வண்டி இதனினும் எளிது, முதன்முதலில் வாங்குபவனுக்கு அதுவே உகந்தது என்பதையும் நேர்மையாகச் சொன்னேன். “பற்றரி கார் ஓடும் மாமா, ஆனா மூச்சு விடாதே” என்றான். அதற்குமேல் நான் பேசவில்லை.

பேசவேண்டியவள் அக்காதான். காசைப் பற்றி அவள் வாய் திறப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. “சத்தம் போடுமா தம்பி அது?”

போடும். மிகவே போடும். அவள் ஏன் கேட்டாள் என்பது தேயிலை மலையில் வாழ்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்து கொட்டியதில் இரண்டு நாள் வைத்தியசாலையில் நினைவு தப்பிக் கிடந்தவள் அவள். பக்கத்து நிரையில் நின்ற ஒரு பெண் பிழைக்கவில்லை. இன்றும் மரத்தடியில் சருகு அசைந்தால் தலையில் முக்காட்டை இழுத்துக்கொள்கிறாள். மைதானத்தின் கீழ்க்கோடியில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களில் ஆண்டுதோறும் கூடு கட்டுவதுண்டு. அந்தப் பக்கம் நூறு அடிக்குள் வண்டி போகாது என்று மருமகன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். சத்தியம் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. கையிலுள்ள கருவிக்கும் வண்டிக்கும் தொடர்பு அறுந்தால் தானாகவே எஞ்சினைத் தணித்துத் தடை போடும் அமைப்பு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதச் சொன்னேன். அது இல்லாத வண்டி எத்துணை மலிவானாலும் வேண்டாம் என்றேன்.

தைப்பொங்கலுக்கு வண்டி வந்தது. கூடவே இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு போத்தல் எரிபொருள். பார்ப்பதற்குச் சர்பத் போலிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மெதனோல் சிறிதளவு உள்ளே போனாலும் கண் பார்வையைக் கெடுக்கும், உயிரையும் குடிக்கும். பிள்ளைகளும் குடிப்பழக்கமுள்ள சில பெரியவர்களும் வாழும் லயத்தில், அடுப்பும் படுக்கையும் அருகருகே இருக்கும் காம்பராவில், இதை எங்கே வைப்பது? அதன் சுவாலையோ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு எளிதில் தெரிவதுமில்லை. என் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டிலில் வைத்துப் பூட்டி, திறப்பை நானே வைத்துக்கொண்டேன்.

தை மாதத்துக் குளிரில் எஞ்சின் திரும்ப மறுத்தது. இறுக்கமான புது உருளை. குளிர்ந்தால் இன்னும் இறுகும். வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி எஞ்சின் தலையில் வைத்துச் சூடேற்றினோம். கயிற்றை மூன்று முறை இழுத்தபின் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது பாருங்கள், அந்த ஒலியைக் கேட்டு லயமே வாசலுக்கு வந்துவிட்டது. எனினும் அன்று அதை ஓடவிடவில்லை. முதல் ஐந்து தாங்கி எரிபொருளும் எஞ்சினைப் பழக்குவதற்கே உரியவை. எண்ணெய் மிகுதியாகப் போகும்படி ஊசித் திருகைத் திறந்து வைத்து, நடை வேகத்தில் ஓட்டி, இடையிடையே ஆறவிட வேண்டும். மருமகனுக்குப் பொறுமையில்லை. அக்கா படியில் அமர்ந்து, “கன்றுக்குட்டியை எடுத்த எடுப்பில் ஏர் பூட்டுவாங்களா?” என்று கேட்டாள்.

ஊசித் திருகில் எங்கள் உயரமும் வந்து குறுக்கிட்டது. உடப்புசல்லாவைத் தேயிலை 950 மீற்றரிலிருந்து 1,600 மீற்றர் வரை விளைவது. 1,500 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைவு. காற்றழுத்தமும் குறைவாதலால்தான் இங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. காற்றுக் குறைந்தால் எரிபொருளையும் குறைக்கவேண்டும். கொழும்பில் சரிசெய்த எஞ்சின் இங்கே இருமிக்கொண்டும் புகைந்துகொண்டும்தான் ஓடும். திருகைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சிறிது சிறிதாக மூடிச் சரிசெய்தோம். கொழும்புக்குக் கொண்டுபோனால் மறுபடி திறக்க மறக்காதே, இல்லையேல் எண்ணெய் போதாமல் சூடேறி இறுகிவிடும் என்று ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவைத்தேன்.

சித்திரை விடுமுறையில்தான் முழு ஓட்டம். மைதானத்தில் ஊரே திரண்டது. ஓட்டுமுன் வண்டியைக் கல்லின்மேல் தூக்கி வைத்து, சில்லுகள் சுழலும்போது கருவியை அணைத்துப் பார்த்தோம். எஞ்சின் தணிந்து சில்லுகள் நின்றன. பிறகு இறக்கிவிட்டான். புல்லும் பள்ளமும் அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நீல நிறப் புகை வால்போல் நீள, சீறிப் பாய்ந்து திரும்பி வந்தது. அவன் முகத்தில் நான் கண்டது அந்த எட்டு வயதுப் பையனை.

ஆசை தீர ஓட்டியவன், பக்கத்து வீட்டுச் சிறுவன் கெஞ்சியதால் கருவியை அவன் கையில் கொடுத்தான். பையன் எதை அழுத்தினானோ, வண்டி கீழ்க்கோடியை நோக்கி முழு வேகத்தில் பறந்தது. பயந்துபோன சிறுவன் பதறிப்போய்க் கருவியை அணைத்தே விட்டான். அக்கா எழுந்து நின்றுவிட்டாள். யூகலிப்டஸ் மரங்களுக்கு இப்பால் எத்தனை அடி என்று நான் பிறகு அளக்கவில்லை. அளக்க மனம் வரவில்லை. வண்டி சறுக்கிக்கொண்டு அரைவட்டமடித்து நின்றது. எஞ்சின் மட்டும் மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. மருமகன் ஓடவில்லை, மெல்ல நடந்துபோய், காற்றுக் குழாயைக் கையால் அடைத்து எஞ்சினை அணைத்து, வண்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தான். தாயும் மகனும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அதன்பின் மைதானத்தின் மேற்பாதியோடு ஓட்டம் நின்றது. நடுவே ஒரு கயிறு கட்டினோம்.

இப்போது அவன் கொழும்பில். வண்டி அக்கா வீட்டில், அடுப்படிக்கு மேலுள்ள பரணில், எரிபொருள் ஒரு சொட்டும் இல்லாமல் வடித்து, பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறது. மெதனோல் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. எரிந்து மிஞ்சிய கசடும் சேர்ந்தால் எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் உள்ளே இருக்கும் குண்டுகள் துருப்பிடித்துவிடும். ஆதலால் மாதம் ஒருமுறை நான் போய், பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன். சென்ற மாதம் மழையினால் போகத் தவறிவிட்டேன். மறுநாள் காலை, மலைக்குப் போகும் வழியில் கூடையும் முதுகுமாக அக்கா என் வாசலில் நின்றாள்.

“தம்பி, அதுக்கு எண்ணெய் விடலையே?”