சேறு பார்க்கப் போனேன்!

அம்பலப்புழைக்கு ஜனங்கள் பால் பாயசம் சாப்பிடப் போவார்கள். நான் போனது சேறு பார்க்க! சிரிக்காதீர்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைப் போட்டுச் சாத்தும்போது, புறக்காடு, தோட்டப்பள்ளிப் பக்கம் கடலில் ஒரு துண்டு மட்டும் எண்ணெய் ஊற்றின மாதிரி அடங்கிக் கிடக்கும். இரண்டு பக்கமும் அலை சீறும். நடுவே குளம்! இதற்குப் பெயர் 'சாகரை'. தகழியின் 'செம்மீன்' நாவலை (1956) சுந்தர ராமசாமியின் தமிழில் படித்தவர்களுக்கு இந்தக் கரை பழக்கம். சினிமா மட்டும் பார்த்தவர்களுக்குப் பாட்டுதான் ஞாபகம் வரும்.

கடலடியில் இருக்கும் மெல்லிய களிமண் மழைக்கால அலையில் கிளம்பி, கஞ்சி மாதிரி ஆகிவிடுகிறது. அலை அதில் புகுந்து வேகத்தைத் தொலைக்கிறது. அதே பருவத்தில் ஆழத்துக் குளிர்ந்த நீர் சத்துகளோடு மேலே வர, கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன. பின்னாலேயே மத்தி, அயிலை, நெத்திலி, இறால்! டிராலர்களுக்கு ஜூன், ஜூலையில் 52 நாள் தடை. வள்ளக்காரர்களுக்குத் தடையில்லை. இங்கிலீஷில் இதை 'மட் பேங்க்' என்கிறார்கள். நிஜமாகவே பேங்க்தான். என்ன, பிராஞ்ச் வருஷா வருஷம் இடம் மாறும்!

எங்கே திறக்கும் என்று எப்படித் தெரியும்? வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். தூத்துக்குடியில் கொஞ்ச காலம் தொழில் பார்த்தவர். தமிழ் சரளம்.

"காதால சாரே! நாலஞ்சு நாள் விடாத மழை. கடல் இரையுற இரைச்சல்ல தூங்க முடியாது. ஒரு ராத்திரி சத்தம் நின்னு போகும். சத்தம் இல்லாததாலதான் முழிப்பே வரும். எழுந்து ஓடுவோம்."

அப்புறம் கண். தண்ணீர் காப்பி நிறமாகிக் குழைந்திருக்க வேண்டும். பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழ வேண்டும். மத்திக் கூட்டம் வந்தால் கடல்மேல் கறுப்பாக ஒரு திட்டு நகரும். தூறல் விழுந்தாற்போல் தண்ணீர் சிலிர்க்கும். நிலா இல்லாத ராத்திரியில் கூட்டம் போகிற வழி நீலமாக மினுங்கும். 'கவரு' என்கிறார்கள்.

ஆராய்ச்சியாளர்களும் இப்படி ஒரு அடையாளம் வைத்திருக்கிறார்கள். பிராஜிலேரியா என்ற பாசி பெருகினால் மத்தி பெருகும் என்று 1955-லேயே எழுதினார்கள். இன்றைக்கு ஐதராபாத்திலிருந்து 'இன்காய்ஸ்' நிறுவனம் சாட்டிலைட்டில் கடலின் நிறத்தையும் சூட்டையும் பார்த்து மீன் இருக்கும் இடம் சொல்கிறது. நம் பெரியவர் கரையில் நின்று பார்க்கிற அதே நிறம்! ஆனால் மழைக்கால மேகம் சாட்டிலைட்டின் கண்ணை மறைத்துவிடும். அப்போது பெரியவர்தான் கதி.

அவருக்கும் சறுக்கியிருக்கிறது. 2012-ல் கேரளத்தில் ஏறத்தாழ நாலு லட்சம் டன் மத்தி. 2021-ல் வெறும் 3,297 டன்!

"மழை வந்துச்சு. தண்ணி நிறம் மாறுச்சு. மத்திதான் வரலை" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "டீசல் கடனுக்குப் பொண்டாட்டி வளையல் பேங்குக்குப் போச்சு. இந்த பேங்க் இல்ல, டவுன் பேங்க்."

கடல் சூடாவது, குஞ்சு மீனை வாரினது என்று காரணம் சொல்கிறார்கள். பிற்பாடு மத்தி ஒரு லட்சம் டன்னைத் தாண்டி மீண்டிருக்கிறது. வளையல் மீண்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் வள்ளங்கள் திரும்பின. மத்தி பொடிசாக இருந்தது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கக் கேரளத்தில் தடை. பெரியவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து அளந்தார்.

"சட்டத்துக்குச் சரியா இருக்கு. குழம்புக்குத்தான் பத்தாது!"

போவதானால் ஆனி, ஆடியில் போங்கள். குடை எடுத்துப் போய்ப் பிரயோஜனமில்லை, காற்று பிடுங்கிக்கொள்ளும்.