பெட்டியை நம்பியவன்

பத்திரிகைக்காரனுக்குக் கட்டுரை எழுதுவது பாதி வேலைதான். உரிய நேரத்தில் அதை ஆசிரியபீடத்தில் சேர்ப்பது மீதிப் பாதி. சில மாதங்களுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அந்த மீதிப் பாதியில் தவறிவிட இருந்தேன்.

எனக்குச் செய்தி எழுதக் கற்றுத்தந்த மூத்த பத்திரிகையாளர் ஒருவர் அந்த வாரம் காலமானார். அவருக்கான அஞ்சலிக் கட்டுரை ஞாயிறு இதழில் வர வேண்டும். எழுதி முடித்து அனுப்பப் போனால் மடிக்கணினியில் இணையம் இல்லை.

கணினி பழையது, உபுண்டு லினக்ஸில் இயங்குவது. அதன் வைஃபை பழுதானபோது வெள்ளவத்தைக் கடையொன்றில் யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கியிருந்தேன். பெட்டியில் லினக்ஸின் பெயரும் அச்சாகியிருந்தது, நம்பிவிட்டேன். உண்மையில் அதற்கான ட்ரைவரைத் தனியே இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. அன்று மாலை கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது லினக்ஸின் கருவான கெர்னலும் மாறிவிட்டது. பழைய ட்ரைவர் புதிய கெர்னலோடு பொருந்தவில்லை.

கைத்தொலைபேசியில் டேட்டாவும் தீர்ந்திருந்தது. மருமகனை அழைத்தேன்.

"மாமா, கணினியைத் திரும்பத் தொடங்குங்கோ. வாற பட்டியலில பழைய கெர்னலைத் தெரிவுசெய்யுங்கோ."

அப்படியே செய்தேன். அடாப்டர் உயிர்பெற்றது, கட்டுரையும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள்தான் விடயத்தை ஒழுங்காகப் படித்தேன். அடாப்டரில் பார்க்க வேண்டியது வெளிப்பெயரை அன்று, உள்ளே உள்ள சிப்பை. ஒரே மாதிரிப் பெயரில் 'வி1', 'வி2' என வரும் பதிப்புகளில் வெவ்வேறு சிப்புகள் இருப்பதுண்டு. 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளையை இட்டால் கருவியின் அடையாள எண் தெரியும். அதைக்கொண்டு சிப்பைக் கண்டறியலாம்.

அந்தச் சிப்புக்கான ட்ரைவர் கெர்னலுக்கு உள்ளேயே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கெர்னலின் உள்ளமைப்பை மாற்றுபவர்கள் அந்த ட்ரைவரையும் சேர்த்தே திருத்துவார்கள். வெளியே இருக்கும் ட்ரைவரோ, அதை எழுதியவர் கைவிட்டால் அநாதைதான்.

மீடியாடெக்கின் எம்.டி.7612யு சிப்புக்கு 2018இல் வந்த 4.19 கெர்னலிலிருந்தே உள்ளிருக்கும் ட்ரைவர் உண்டு. வைஃபை 6 வேண்டுவோருக்கு எம்.டி.7921ஏ.யு, அதற்கான ட்ரைவர் 2022இல், 5.18 கெர்னலில் சேர்ந்தது. வேகம் பெரிதில்லை, 2.4 கிகாஹேர்ட்ஸ் போதும் என்போருக்கு அதெரோஸின் ஏ.ஆர்.9271 இன்னும் உழைக்கும். அதன் ஃபேர்ம்வெயரின் மூலநிரல்கூடத் திறந்து விடப்பட்டுள்ளது.

நான் 7612யு உள்ளதை வாங்கினேன். அதன் பின்னர் கெர்னல் பலமுறை மாறியும் அடாப்டரைத் தொட வேண்டிய தேவை வரவில்லை.

தலைப்பை நம்பாதே, மூலத்தைத் தேடு என்பது அந்த மூத்தவர் எனக்குச் சொன்ன முதற் பாடம். அவருக்கான அஞ்சலியை அனுப்பும்போதே அதை மறந்திருந்தேன். இருந்திருந்தால் சிரித்திருப்பார்.