வாட்ச்மேன் அண்ணாச்சியோட நோட்டு

விஸ்வநத்தம்
மார்கழி, ஞாயிறு மத்தியானம்

அடியே மெட்ராஸ்காரி,

பார்சல் வந்து சேர்ந்துச்சா? சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ, பால்கோவா அரைக்கிலோ, நாள் காலண்டர் ரெண்டு வச்சிருக்கேன். முருகன் படம்தான் கிடைச்சுது. உன் மாமியாருக்குப் பெருமாள்தான் வேணும்னா அடுத்த வருசம் ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளிவரும்போதே சொல்லிரு. போன்ல பேச ஆரம்பிச்சா உனக்கு மீட்டிங் வந்துருது. அதான் சாப்பிட்ட கையோட உக்காந்து எழுதுறேன்.

முதல்ல மேலத்தெரு சமாச்சாரம். பிரஸ் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல டிசைன் போடுதே, அந்தப் பொண்ணுக்கு விருதுநகர் சம்பந்தம் கூடி வந்துச்சு. ஜாதகம் பொருந்தி, நகைப் பேச்சும் முடிஞ்சு, பூ வைக்க நாள் பாக்கிற நேரத்துல மாப்பிள்ளையோட சித்தி வாயைத் திறந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மாவுக்குப் போன வருசம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சாம். "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேண்டாம், அத்தையப் பாத்துக்கிட்டாப் போதும்"னாங்க. பொண்ணு காபித் தட்டை வச்சிட்டு நேராக் கேட்டுச்சாம், "அவரு வேலையை விடுவாரா?"ன்னு. அவ்வளவுதான், வந்தவங்க காபியைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுட்டாங்க.

ஊரே ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு. எங்க அம்மா "வாய்த்துடுக்கு"ங்கிறாங்க, என் மதினி "நல்லாக் கேட்டா"ங்கிறா. நான் பொண்ணு பக்கம்தான். ஆனா எனக்கு உறுத்துறது வேற. அவன் விடணுமா, இவ விடணுமான்னு தெருவே ஒரு வாரமா அடிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் வேலை பாக்கிற இடத்துல இதுக்கு ஏதாச்சும் வழி பண்ணுவாங்களான்னு ஒருத்தர் வாயிலயும் வரல. வேலை கொடுக்கிறவருக்கும் வீட்டுல படுத்துக் கிடக்கிறவங்களுக்கும் சம்பந்தமே இல்லைங்கிற மாதிரி நாமளே முடிவு கட்டியாச்சு.

எங்க பட்டாசு பயர் ஆபீஸ்ல நான் கணக்கு எழுதுறதால, யாரு எப்போ எதுக்கு வரலைங்கிறது எனக்குத்தான் முதல்ல தெரியும். வருகைப் பதிவுல "ஆ" போட்ட கட்டத்துக்குப் பின்னாடி எத்தனை கதை இருக்கு தெரியுமா? கீழத்தெரு மதினியை எடுத்துக்கோ. சரம் பின்னுறதுல அந்தக் கைக்கு நிகர் கிடையாது. 2018-ல சுப்ரீம் கோர்ட் சரவெடிக்குத் தடை போட்டதும் சக்கரம் சுத்தப் போனாங்க, அதையும் ஒரே மாசத்துல பிடிச்சுக்கிட்டாங்க. இப்போ அவங்க மாமியாரு ஒண்ணரை வருசமாப் படுக்கை.

அவங்க ஒரு நாளைச் சொல்றேன் கேளு. நாலரைக்கு எந்திரிச்சு, கிழவியைப் புரட்டிப் போட்டு, முதுகைத் துடைச்சுப் பவுடர் போடணும். படுக்கைப்புண் வந்துட்டா அப்புறம் தாங்காது. பெரியவங்க டயப்பர் விக்கிற விலைக்கு அது ராத்திரிக்கு மட்டும்தான். பகலுக்குப் பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்சு வைக்கிறாங்க. கஞ்சி ஊட்டி, தண்ணிப் பாட்டில்ல குழாய் சொருகிக் கைக்கு எட்டுற இடத்துல வச்சு, பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட சாவியைக் கொடுத்துட்டு, ஏழரை வண்டியைப் பிடிக்கணும். "மக்களைத் தேடி மருத்துவம்" இருக்கே, 2021-ல ஆரம்பிச்சது, அதுல நர்ஸம்மா, பிசியோதெரபி பண்றவங்க எல்லாம் வீட்டுக்கே வர்றாங்க. நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அவங்க வர்றது பகல்ல. மதினி அந்நேரம் மருந்து அறைக்குப் பக்கத்துல உக்காந்து சக்கரம் சுத்திக்கிட்டு இருப்பாங்க. கால எப்படி மடக்கி நீட்டணும்னு அவங்க சொல்லிக் கொடுக்கிறது பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு. அந்தப் பாட்டிக்கே முட்டி வலி!

இதுல போன் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. உங்க ஆபீஸ்ல மேஜை மேல போனை வச்சுக்கிட்டு நிமிசத்துக்கு ஒரு தரம் பாப்பீங்க. எங்களுக்கு கேட்டுக்குள்ள போன் ஆகாது. தீக்குச்சி, பீடி, போன் எல்லாம் வாட்ச்மேன் ரூம்லயே வச்சிரணும். அது சரியான சட்டம்தான். 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்துல கிட்டத்தட்ட 40 உசுரு போனதைப் பாத்த ஊருல அதைப் பத்தி யாரும் தர்க்கம் பண்ண மாட்டாங்க. ஆனா காலையில போனைக் கொடுத்துட்டு உள்ள போனா, சாயங்காலம் வரைக்கும் வீடு இருக்கா இல்லையான்னே தெரியாது. மத்தியானம் சோத்து வாளியைத் திறக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கு ஓடி வந்து மிஸ்டுகால் பாக்கிறாங்களே, அந்தக் கூட்டத்துல பாதிப் பேரு வீட்டுல கைக்குழந்தையோ, படுக்கையில கிடக்கிறவங்களோ உள்ளவங்க.

எங்க வாட்ச்மேன் அண்ணாச்சி இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. போன் வைக்கிற மர அலமாரியில ஒவ்வொரு கட்டத்துக்கும் பிளாஸ்திரி ஒட்டிப் பேரும் அறை நம்பரும் எழுதி வச்சிருக்காரு. ஒரே நம்பர்ல இருந்து ரெண்டு தரம் அடிச்சா அவரே எடுத்துக் கேட்டு, நாற்பது பக்க நோட்டுல நேரம் போட்டு எழுதிக்குவாரு. அவசரம்னா போர்மேனுக்குச் சொல்லி விடுவாரு, இல்லைன்னா டீ நேரத்துல படிச்சுக் காட்டுவாரு. நோட்டை நான் பாத்தேன். "10.40, 7-ம் அறை, மாமியார் கஞ்சி குடிச்சாச்சு." "11.15, பையனுக்குப் பள்ளியோடத்துல காய்ச்சல், சித்தப்பா கூட்டிப் போயிட்டாரு, வர வேண்டாம்." "2.05, பாட்டி கீழ விழுந்துட்டா, உடனே வரவும்", இதுக்கு மட்டும் சிவப்பு மை. நிறையப் பேருக்கு "எல்லாம் சரியா இருக்கு"ங்கிற ஒரு வரிதான் வேணும். கை நடுங்காம வேலை பாக்க அது போதும். நம்ம தொழில்ல கை நடுங்கக் கூடாதுங்கிறது உனக்கு நான் சொல்லணுமா?

யாரும் சொல்லாமலே இவருக்கு எப்படித் தோணுச்சுன்னு யோசிச்சேன். அவரு வீட்டுக் கதை தெரிஞ்சவங்களுக்கு அது ஆச்சரியமே இல்ல. பொண்டாட்டிக்கு விபத்துல கழுத்தும் ரெண்டு கையும் வெந்து போச்சு, பல வருசத்துக்கு முன்னாடி. பேப்பர்ல "காயமடைந்தவர்கள் மருத்துவமனையில் அனுமதி"ன்னு போட்டு முடிச்சிருவாங்க. நம்ம கண்ணுக்குத் தெரியிறதும் அதோட சரி. மிச்சமெல்லாம் வீட்டுக்குள்ளதான். தோலு இழுத்துப் பிடிச்சுக் கழுத்து திரும்பாது. ராத்திரி முழுக்க அரிப்பு. எண்ணெய் தடவித் தடவி விரலை ஒவ்வொண்ணா மடக்கிப் பழக்கணும். தலை பின்னி விடுறதுல இருந்து எல்லாம் இவருதான். அதுக்காக நல்ல கூலி வந்துக்கிட்டு இருந்த அறை வேலையை விட்டாரு. "பொம்பளை வேலை பாக்கிறான்"னு டீக்கடையில எத்தனை பேச்சு! அப்புறம்தான் எங்க முதலாளி வாட்ச்மேனாப் போட்டாரு.

விபத்து நடந்தா நிவாரணம் வருது, வரணும். இறந்தவங்க பிள்ளைகளோட படிப்புச் செலவை அரசாங்கமே ஏத்துக்கும்னு 2024 நவம்பர்ல முதலமைச்சர் விருதுநகருக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு, அதுவும் பெரிய விசயம். ஆனா கட்டு மாத்துறதுக்காக வேலையை விட்டவங்களோட கூலி எந்தக் கணக்குலயும் வராது. பக்கத்துல கேரளாவுல "ஆஸ்வாசகிரணம்"னு ஒண்ணு இருக்கு. படுக்கையில கிடக்கிறவங்களை முழு நேரமும் பாத்துக்கிறவங்களுக்கு மாசம் 600 ரூபா. 600 ரூபாயில என்ன வரும்னு கேப்ப. ஒண்ணும் வராதுதான். ஆனா "நீ பாக்கிறதும் வேலைதான்"னு ஒரு அரசாங்கம் எழுதி வச்சிருக்கே!

சட்டத்துக்கு வர்றேன், நீ எச்.ஆர். ஆளு, தப்பிருந்தா திருத்து. ஈ.எஸ்.ஐ.க்குன்னு எங்க கூலியில நூத்துக்கு முக்கால் ரூபா பிடிக்கிறாங்க, முதலாளி மூணேகால் ரூபா போடுறாரு. மதினிக்கே உடம்புக்கு முடியலைன்னா வருசத்துல 91 நாள் வரைக்கும் கூலியில 70 சதவீதம் கிடைக்கும். மாமியாருக்கு முடியலைன்னு உக்காந்தா ஒத்தப் பைசா கிடையாது. அதனால என்ன நடக்குதுன்னா, உனக்குள்ள வச்சுக்கோ, நிறையப் பேரு இடுப்பு வலி, தலை சுத்தல்னு தன் பேருல சீட்டு வாங்கிட்டு வீட்டுல இருக்கிறவங்களைப் பாத்துக்கிறாங்க. பொய்தான். உண்மையைச் சொன்னா காசு வராதுன்னு சட்டமே சொல்லும்போது நான் அவங்களைக் கோவிச்சுக்க மாட்டேன்.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புல, வேலை பாக்கிற பொம்பளையோட "குடும்பம்"ங்கிறதுல பெரிய வருமானம் இல்லாத மாமனார் மாமியாரையும் சேர்த்திருக்காங்க. இத்தனை வருசம் அப்பா அம்மாதான் கணக்கு. கல்யாணமான அன்னையில இருந்து அவ துடைச்சு விடுறது யாரைன்னு இப்பதான் டெல்லிக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணு, சம்பளத்தோட லீவு வாங்க முன்னாடி வருசத்துல 240 நாள் வேலை பாத்திருக்கணும், இப்போ 180 நாள் போதும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு. மழை, தீபாவளி முடிஞ்ச அடைப்புன்னு நாள் குறையிற நம்ம தொழிலுக்கு இது ரொம்ப முக்கியம். ஆனா எங்க ஆபீஸ்ல அந்த லீவை யாரும் எடுக்கிறதே இல்ல. தீபாவளிக்குப் போனஸோட சேர்த்து "லீவு சம்பளம்"னு காசாக் கையில கொடுத்துர்றாங்க. காசை வேண்டாம்னு யாரு சொல்லுவா? அதுக்குள்ள கடன்காரன் வாசல்ல நிப்பான்.

வெளிநாட்டுல எப்படின்னும் தேடிப் பாத்தேன், என் மகன் போன்ல. ஜப்பான்ல வீட்டுல ஒருத்தருக்கு 93 நாள் வரைக்கும் லீவு, சம்பளத்துல 67 சதவீதம் இன்சூரன்ஸ்ல இருந்து வருது. அப்படி இருந்தும் அங்க வருசத்துக்குக் கிட்டத்தட்ட 1 லட்சம் பேரு வீட்டுல உள்ளவங்களைப் பாக்கிறதுக்காக வேலையை விடுறாங்களாம். இங்கிலாந்துல 2024 ஏப்ரல்ல இருந்து வருசத்துக்கு ஒரு வாரம், ஆனா சம்பளம் இல்லாம. நம்ம நாட்டுல 2024-ல எடுத்த நேரக் கணக்கெடுப்புல, 15-ல இருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைகள்ல 41 சதவீதம் பேரு வீட்டு ஆட்களைப் பாத்துக்கிறாங்க, ஒரு நாளைக்கு 140 நிமிசம். ஆம்பளைகள்ல 21.4 சதவீதம் பேரு, 74 நிமிசம். எங்க வாட்ச்மேன் அண்ணாச்சி அந்த 21-ல ஒருத்தரு. என் வீட்டுக்காரரு இல்ல, அதையும் எழுதிர்றேன், அவரு இந்தக் கடுதாசியைப் படிக்கப் போறதில்ல.

போன சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சதும் முதலாளிகிட்டப் பேச்சைப் போட்டேன். நல்ல மனுசன்தான். யாரு வீட்டுல சாவுன்னாலும் மாலையோட முதல்ல நிப்பாரு. "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சொல்லுவாரு. நான் கேட்டதும், "என்கிட்டச் சொன்னா நான் என்னைக்கு இல்லைன்னேன்? கேட்டா விடப் போறேன்"னாரு. அதுதான் பிரச்சினைன்னேன். கேக்கத் தெரிஞ்சவளுக்கு லீவு, கூச்சப்படுறவளுக்குக் கிடையாது. போர்மேன் நல்ல மூடுல இருந்தா அரை நாள், இல்லைன்னா முறைப்பு. கலந்த மருந்தை அன்னைக்கே செலுத்தி முடிக்கணும், நடுவுல ஆளு போனா அந்தாளுக்கும் கஷ்டம்தானே. யாரு வீட்டுல படுக்கையில ஆளு இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா, அவங்களைக் குழாய் ஒட்டுற பக்கமோ, பெட்டி போடுற பக்கமோ விட்டுரலாம், பாதியில போனாலும் ஆபத்து இல்ல.

"நான் என்ன தர்ம சத்திரமா நடத்துறேன்?"ன்னு வழக்கமான பாட்டைப் பாடினாரு. நான் பேரேட்டைத் திருப்பிக் காட்டினேன். மூணு வருசத்துல நல்ல கைக்காரங்க ஒன்பது பேரு வேலையை விட்டு நின்னுருக்காங்க. அதுல ஆறு பேரு வீட்டுல ஆளப் பாக்கிறதுக்காக. அவங்க வாங்கின அட்வான்ஸு வசூலாகாம நிக்கிது, புதுசா வந்தவங்களுக்குப் பழக்கிவிட மாசக்கணக்கு, ஆளே கிடைக்காம அயலூருக்கு வண்டி அனுப்புற டீசல் வேற. கண்ணாடியைப் போட்டுப் பாத்தாரு. ரெண்டு நிமிசம் பேசல. அப்புறம், "எழுதிக் கொண்டா, பாக்கிறேன்"னாரு.

அதனாலதான் இந்தக் கடுதாசி. உங்க கம்பெனியில மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூ கொடுக்கிறதுக்கே நாலு பக்கம் சர்க்குலர் போடுறவ நீ, எனக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு. வாட்ச்மேன் அண்ணாச்சி நோட்டு முறையா ஆபீஸ் வேலையா இருக்கணும், அவரு லீவுல போனா இன்னொருத்தரு பாக்கணும். லீவு சம்பளத்தைக் காசா வேணுமா, நாளா வேணுமான்னு ஆளாளுக்குக் கேக்கணும், நாளா எடுத்தா அரை அரை நாளாவும் எடுக்கலாம்னு இருக்கணும். வீட்டுல ஆளப் பாக்கப் போனவங்க மூணு மாசத்துக்குள்ள திரும்பி வந்தா பழைய கூலிக் கணக்குலயே சேர்க்கணும், அதுவரைக்கும் அட்வான்ஸைக் கேட்டு வீட்டு வாசலுக்கு ஆளு போகக் கூடாது. ஆம்பளைக்கும் இதுவேதான்னு தனியா ஒரு வரி போடு, இல்லைன்னா இதையும் பொம்பளைங்க தலையிலதான் கட்டுவாங்க.

கடைசியா ஒண்ணு எனக்குப் பிடிபடல. கூலி பீஸ் ரேட்டு. அரை நாள் லீவுக்குச் சம்பளம்னா எந்தக் கணக்குல போடுறது? போன மாசச் சராசரியிலயா, அரசாங்கம் வச்ச குறைஞ்சபட்சக் கூலியிலயா? சராசரின்னா மதினி மாதிரி வேகக்காரிக்கு நல்லது, வயசானவங்களுக்கு நட்டம். உங்க கம்பெனி வக்கீலுகிட்டக் கேட்டு எழுது.

பொங்கல் லீவு முடிஞ்சு ஆபீஸ் திறக்கிறதுக்குள்ள எனக்கு வந்து சேரணும். தமிழ்ல எழுது, பெரிய எழுத்துல எழுது, ஒரு பக்கத்தைத் தாண்டாதே. ரெண்டாம் பக்கம் திருப்பினா முதலாளி "பாக்கிறேன்"னு சொல்லி மேஜை டிராயர்ல போட்டுருவாரு.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி