அசையாத புள்ளி

பெர்லினில் எனக்கென்று கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அலுவலக வேலையாக ஒரு வாரம் வந்திருந்தேன். கூட வந்தவர்கள் சனிக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். எனக்குத் திங்கட்கிழமை காலை விமானம். காலை ஒன்பது மணிக்கு விடுதியிலிருந்து கிளம்பும்போது மனைவிக்கு வாட்ஸாப்பில் லைவ் லொகேஷனை எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டேன். தனியாகச் சுற்றப் போகிறேன் என்றால் அவள் வைக்கும் ஒரே நிபந்தனை அது.

முதலில் பெர்னாவர் தெரு. சுவர் நின்ற இடங்களில் இப்போது துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். கம்பிகளுக்கு இடையே புகுந்து அந்தப் பக்கம் போகலாம், திரும்பி வரலாம். ஒரு குழந்தை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. சுவரில் உயிர்விட்டவர்களின் புகைப்படங்கள் ஓரிடத்தில் ஜன்னல் ஜன்னலாக இருக்கின்றன. 1961க்கும் 1989க்கும் இடையில் குறைந்தது 140 பேர். சில சட்டங்களில் சின்னக் குழந்தைகளின் முகங்கள். அங்கிருந்து எஸ்-பான் பிடித்து பிராண்டன்பர்க் வாயில். எல்லோரும் எடுக்கும் படத்தை நானும் எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. குளிருக்கு ஒரு காபி, ஒரு ஃபலாஃபல் ரொட்டி. சைவக்காரனை இந்த ஊரில் துருக்கியர்களும் அரேபியர்களும்தான் காப்பாற்றுகிறார்கள்.

வாயிலுக்கு அடியிலேயே யு5 ரயில். ஏறி உட்கார்ந்தால் கிழக்கே மக்டலேனன் தெருவில் இறங்கலாம். அங்கேதான் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியின் தலைமையகம் இருந்தது. பயங்கரமான கோட்டை எதையோ எதிர்பார்த்துப் போனேன். நம் ஊர் மின்வாரிய அலுவலகம் மாதிரி இருந்தது. மரத்தடுப்புச் சுவர்கள், மங்கிய திரைச்சீலை, மேசையில் வரிசையாகத் தொலைபேசிகள். 1957 முதல் 1989 வரை அமைச்சராக இருந்த எரிக் மீல்கேயின் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். அவருடைய காலை உணவை எப்படி வைக்க வேண்டும் என்று, ரொட்டி எங்கே, முட்டை எங்கே, காபி எங்கே எனப் படம் வரைந்த அட்டை ஒன்றும் உண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மேனேஜரும் இப்படித்தான், மீட்டிங்கில் லேப்டாப் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுவரை சொல்வார்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளிக்குள் கேமரா, சட்டைப் பொத்தானுக்குள் கேமரா, சந்தேகத்துக்குரியவர்களின் வாசனையைத் துணியில் பிடித்து மூடிவைத்த கண்ணாடி ஜாடிகள். கூட்டம் இவற்றின் முன்னால்தான் நின்றது. நானும் நின்றேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இதில் எதுவும் இல்லை. அதே வளாகத்தில், ஆவணக் காப்பகத்தைப் பற்றிய கண்காட்சியில் இருந்த இரண்டு அட்டைகள்.

எஃப்16 என்பது ஒரு வகை அட்டை. அதில் ஆளின் நிஜப் பெயர், பிறந்த தேதி, ஒரு பதிவு எண். எஃப்22 என்பது இன்னொரு வகை. அதில் அதே பதிவு எண், புனைபெயர், பொறுப்பதிகாரி யார் என்ற விவரம். நிஜப் பெயர் இருக்காது. யார் உளவாளி, யார் உளவு பார்க்கப்படுகிறவர் என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் அந்த எண்ணை வைத்து இணைக்க வேண்டும். ஒன்று மட்டும் கையில் கிடைத்தால் பயனில்லை. தங்கள் ஊழியர்களிடமிருந்தே தங்கள் ரகசியத்தைக் காக்க அவர்கள் செய்த ஏற்பாடு.

டேட்டாபேஸ் படித்த யாருக்கும் இது என்னவென்று உடனே புரியும். இரண்டு டேபிள், நடுவே ஒரு சாவி. கல்லூரி மூன்றாம் ஆண்டில் இதைத்தான் பரீட்சைக்கு எழுதினேன். கணினி இல்லாமல், அட்டையும் டிராயருமாக எவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள் என்று முதலில் ஒரு தொழில்முறை வியப்புதான் வந்தது. அதை மறைப்பதற்கில்லை. அதற்குப் பிறகுதான் வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

ஏனென்றால் இதே அமைப்பை நானும் போட்டிருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றை எங்கள் குழு எழுதியது. கீபோர்டும் மவுஸும் ஐந்து நிமிடம் அசையவில்லை என்றால் மஞ்சள், பத்து நிமிடம் என்றால் சிவப்பு. எங்கள் டேபிளில் பணியாளர் எண் மட்டும்தான். பெயர்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம், வேறொரு இடத்தில். 'பெயர் சேமிக்கப்படுவதில்லை, எனவே அந்தரங்கத்துக்குப் பாதிப்பில்லை' என்று ஆவணத்தில் எழுதியவன் நான்தான். பாராட்டும் கிடைத்தது.

ஓர் எண் மட்டும் தினமும் மதியம் நாற்பது நிமிடம் சிவப்பாகவே இருந்தது. ஒருநாள் அதைப் பற்றி ஒரு டிக்கெட் வந்தது. குறையோ கோரிக்கையோ எதுவானாலும் இப்படி ஓர் எண் போட்டு எங்களிடம் வரும். அந்தப் பணியாளரின் விளக்கத்தைப் பெயரை நீக்கிவிட்டு உள்ளே ஒட்டியிருந்தார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை அந்த நேரத்தில் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, சாப்பாடு ஊட்ட வேண்டியிருக்கிறது, இரவு கூடுதலாக உட்கார்ந்து வேலையை முடித்துவிடுகிறேன், காரணம் எழுத அதில் ஒரு இடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார். கேட்டது ஒரே ஒரு கட்டம். அரைநாள் வேலைகூட இல்லை. ஒப்பந்தத்தில் இல்லாதது என்று குறிப்பெழுதி டிக்கெட்டை மூடினேன். அடுத்த மாத அறிக்கையில் அந்த எண் இல்லை.

ஒப்பீடு மிகையானது என்று எனக்கும் தெரியும். ஸ்டாசியிடம் சிறை இருந்தது, விசாரணை அறை இருந்தது, 1989இல் முழுநேர ஊழியர்களே ஏறக்குறைய 91,000 பேர் இருந்தார்கள். நாங்கள் ஆறு பேர், யாரையும் சிறையில் தள்ளவில்லை. ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டுத் தொலைத்தது. சுவர் விழுந்தபின் அவர்கள் கோப்புகளைக் கிழித்துப் போட்டார்கள். 1990 ஜனவரி 15 அன்று மக்கள் இந்த வளாகத்துக்குள் புகுந்தார்கள். கிழித்தவை ஆயிரக்கணக்கான மூட்டைகளாக எஞ்சின. அவற்றை ஒட்டவைக்க மென்பொருளும் எழுதிப் பார்த்தார்கள். ஆனாலும் கையால் ஒட்டியவர்கள் முடித்த மூட்டைகள்தான் மிக அதிகம். 1992 தொடக்கத்திலிருந்து, தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்து வாசிக்கலாம். மிச்சமிருக்கும் கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் வருமாம். அந்த நாற்பது நிமிடத்துக்குச் சொந்தக்காரர் எங்கே போய் எதை வாசிக்க முடியும்?

வெளியே வந்து முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி நாலேகால். அலுவலக லேப்டாப் பையில்தான் இருந்தது. அந்த டிக்கெட்டைத் திறந்து பார்க்கலாமே என்று போனைப் பகிர்ந்து இணைத்தேன். அந்த புராஜெக்ட் எப்போதோ வேறு குழுவுக்குக் கைமாறிவிட்டது. இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. அனுமதி கேட்க ஒரு பொத்தான் இருந்தது. காரணம் எழுத ஒரு கட்டமும் இருந்தது.

அப்போதுதான் மனைவி அழைத்தாள்.

"என்னாச்சுப்பா? மூணு மணி நேரமா அந்தப் புள்ளி நகரவே இல்ல. பயந்துட்டேன். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்ல. மியூசியத்துல இருந்தேன். நல்லாத்தான் இருக்கேன்."

"ஒரு மெசேஜ் போட்டா என்ன? சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். பிறகு, சொல்ல வேண்டும் என்று நினைக்காமலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, எண், மூடிய டிக்கெட். இதுவரை அவளிடம் சொன்னதில்லை. அவள் குறுக்கே பேசவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது, அடுப்பை அணைக்கும் சத்தமும் கேட்டது.

"மாமியாரை அப்படிப் பாத்துக்கறதுன்னா எவ்ளோ கஷ்டம் தெரியுமா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

"தெரியாது. எங்ககிட்ட நம்பர்தான் இருந்துது."

"நம்பராவது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நான்கு இலக்கம். சொன்னேன்.