யார் கிளறுவது?

திருவான்மியூரில் கடற்கரையை நோக்கிப் போகும் குறுக்குத் தெரு. தரையில் இரண்டு, மாடியில் இரண்டு என நான்கே வீடுகள் கொண்ட பழைய கட்டடம். நான் பார்க்கப் போனது தரைத்தளத்தின் பின்பக்க வீட்டை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதி இருக்கிறார்கள். “எங்க வீட்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு சோலார் கூடக் கிடையாது” என்றார் வீட்டம்மா. அப்படிப்பட்ட வீடாகத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கண்ணாடி ஜாடிகளும் மூங்கில் பல்துலக்கியும் வைத்துப் படம் எடுக்கிற ‘பசுமை வீடு’களைப் பார்த்து அலுத்துவிட்டது. அந்த ஜாடிகளை யார் கழுவுகிறார்கள் என்று படத்தில் தெரிவதில்லை.

அடுப்படிக்குள் நுழைந்ததும் ஒரு மெல்லிய ட்யூப் கண்ணில் பட்டது. ஆர்.ஓ. வடிகட்டியிலிருந்து கிளம்பி, ஜன்னல் கம்பி வழியாகப் பின்கட்டுக்குப் போகிறது. வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு மூன்று லிட்டர் வரை உப்புத் தண்ணீரை வெளியே தள்ளுபவை. முதலில் சிங்க்குக்கு அடியில் பக்கெட் வைத்துத்தான் பிடித்தார்களாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்தான் தினமும் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். சில நாளில் பக்கெட் நிறைந்து வழிய ஆரம்பித்தது, தண்ணீர் சாக்கடைக்கே போனது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவரிடமே கேட்டேன். “இடுப்பு வலியோட யாருங்க தூக்குவாங்க? அம்மாகிட்ட சொன்னேன், சார் ட்யூபை நீட்டி விட்டுட்டாரு” என்றார். இப்போது அது பின்கட்டில் ஒரு டிரம்மில் விழுகிறது. டிரம்மின் அடியில் குழாய், குழாய்க்கு நேர்கீழே பாத்திரம் தேய்க்கும் இடம். எச்சில் பாத்திரத்தை முதலில் அலசுவது, தரை துடைப்பது, மிதியடி ஊறவைப்பது எல்லாம் இதில்தான். செடிக்கு மட்டும் ஊற்றுவதில்லை, உப்பு சேர்ந்துவிடும். செடிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் போகிறது, அதில் உப்பு கிடையாது.

அந்த ட்யூபைப் பார்த்த பிறகு, வீட்டில் எதைக் காட்டினாலும் ‘இதை யார் செய்கிறார்கள்?’ என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. சிங்க் குழாயின் வாயில் காற்றைக் கலந்து விடும் சின்ன வலைமூடி ஒன்று மாட்டியிருக்கிறது. தண்ணீர் பாதிக்கும் குறைவாக வருகிறது, கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மாட்டியதோடு சரி. குக்கரில் பருப்பு, சோறு, காய் மூன்றும் அடுக்காக ஒரே நேரத்தில் வேகின்றன. விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துவிடுகிறார்கள். இதெல்லாம் அந்த அம்மாவின் மாமியார் காலத்திலிருந்தே நடப்பது, புதுசாக ஒன்றுமில்லை.

பால் கவர் விஷயம்தான் எனக்குப் புதிது. அவர் கவரின் முனையை முழுசாக வெட்டி எடுப்பதில்லை. கத்தரியைப் பாதியில் நிறுத்திவிடுகிறார், துணுக்கு கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வெட்டிப் போட்டால் அந்தத் துணுக்கை எந்தக் குப்பையிலும் பொறுக்கி எடுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். கவரோடு இருந்தால் அதனோடு சேர்ந்து மறுசுழற்சிக்குப் போகும். கவர்களை அலசிக் கொடியில் காயவைத்துக் கட்டாகக் கட்டிவைத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். கூடுதல் வேலை என்று பார்த்தால் கத்தரியைச் சற்று முன்னால் நிறுத்துவதும், ஒரு அலசலும்.

சார் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். துணி காயும் கொடிக்குக் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மண்பானைகள். பக்கவாட்டில் காற்றுத் துளைகள். மேல்பானையைத் திறந்தார். முந்தின நாள் வாழைக்காய்த் தோல், பீர்க்கங்காய் சீவல், காபிச் சக்கை, நசுக்கிய முட்டை ஓடு. அதன்மேல் ஒரு கை காய்ந்த புங்க இலைச் சருகு தூவி, சின்ன முள்கரண்டியால் கிளறினார். மேல்பானை நிறைந்ததும் அது நடுவுக்கு இறங்கும், காலிப் பானை மேலே ஏறும். எல்லாம் எருவாக மூன்று மாதம்போல ஆகும். நடுப்பானைக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுவென்று இருந்தது. வைக்கோல் போரின் அடியில் வருமே, அந்த வாடை. நாற்றம் இல்லை.

“நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம். சருகு போட்டுக் கிளறிட்டா ரெண்டு நாள்ல போயிடும்” என்றார். ஆரம்பித்த புதிதில் புளித்த மோர் ஊற்றியிருக்கிறார், நுண்ணுயிர் பெருக. பிறகு ஒருநாள் பானைக்குள் கொழுத்த பழுப்புப் புழுக்கள் நெளிந்திருக்கின்றன. பலரும் பானையைத் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுக்கள். கடிப்பதில்லை, கழிவை மளமளவென்று தின்று தீர்ப்பவை. வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காருகிற ரகமும் இல்லை. ஆனாலும் வீட்டம்மா இன்றுவரை பானைப் பக்கம் வருவதில்லை. “பானை வாங்கறதுக்கு முந்தியே பேசிட்டேன். நறுக்கறது நான், கிளர்றது அவர்” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

இந்தப் பானைகளுக்கு இத்தனை வரிகள் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சென்னை தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. அதில் பாதிக்கு மேல் மக்கக் கூடியது. காலங்காலமாக அது போய்ச் சேர்ந்த இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்று வளர்ந்தது. மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலம் 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காற்றுப் புகாத குப்பை மலைக்குள் வாழைக்காய்த் தோல் அழுகினால் மீத்தேன் வரும். அதே தோல் காற்றோட்டமான பானைக்குள் எருவாகிறது. இந்த வீட்டிலிருந்து மாநகராட்சியின் பச்சைத் தொட்டிக்கு இப்போது மீன் செதிலும் எலும்பும்தான் போகின்றன.

கூடத்தில் இருக்கும் மூன்று மின்விசிறிகளும் படுக்கையறைகளில் இருப்பவையும் பி.எல்.டி.சி. ரகம். ஒவ்வொன்றாகப் பழையது கெட்டுப்போகப் போக மாற்றியவை. ஓடுகிற விசிறியைக் கழற்றி எறிந்து ‘பசுமை’ விசிறி மாட்டுவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. பழைய விசிறி 75 வாட் எடுக்கும், இது 30 வாட் அளவில் நிற்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். மூன்று விசிறி என்றால் நூறு யூனிட்டை நெருங்கும். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இந்த நூறு சாதாரணமில்லை. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். ஏ.சி.யை 24-இல் வைத்து விசிறியையும் சேர்த்து ஓடவிடுவதும் அந்தக் கோட்டுக்குள் நிற்கத்தான். சுற்றுச்சூழலைப் பற்றி சார் ஒரு வார்த்தை பேசவில்லை, பில்லைப் பற்றித்தான் பேசினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாடிக்குப் போனோம். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானபோது இங்கேயும் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தொட்டி தூர்ந்து, மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதுதான் நான்கு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். கணக்கு எளிது. மாடி 2,000 சதுர அடி, சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் தலைமேல் விழுகிறது. பாதியைப் பிடித்தாலே பத்து லாரித் தண்ணீர். இது மணல் பூமி, ஊற்றினால் இறங்கிவிடும். இறக்காமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் கடல் உள்ளே வரும். இப்போது ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியைப் பெருக்கி, வடிகட்டித் தொட்டியின் கூழாங்கல்லை அள்ளிக் கழுவிப் போடுகிறார்கள். தண்ணீர் பழைய கிணற்றுக்குப் போகிறது. எந்த வருஷம் எந்த வீட்டு முறை என்று மீட்டர் பெட்டிக்குள் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது.

கைவிட்டவையும் உண்டு. எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் ஊறவைக்கும் என்சைம் அவற்றில் ஒன்று. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். ஊருக்குப் போயிருந்த நேரத்தில் பாட்டில் வெடித்துப் பரண் முழுக்கத் தெறித்ததாம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் வெள்ளை வேட்டி வெளுக்கவில்லை. பேரப்பிள்ளைகள் வந்தால் குவிகிற பார்சல் அட்டைகளுக்கும் டயப்பருக்கும் அவர்களிடம் வழி ஏதும் இல்லை.

நான் கிளம்பும்போது மாடி வீட்டுக்காரர் கீழே வந்து, அந்த மூன்றடுக்குப் பானை எங்கே கிடைக்கும் என்று சாரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, “நீங்களே கிளர்றதா இருந்தா வாங்குங்க. நான் தொட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றார். அவர் பானையின் விலையை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போனார்.