ஒன்பதாவது கேள்வி

என்னிடம் வருகிறவர்கள் "மனசு சரியில்லை" என்று தொடங்குவது அபூர்வம். நெஞ்சு படபடப்பு, தலைபாரம், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு என்றுதான் வருவார்கள், அதுவும் ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்து "ஒண்ணுமில்லை" என்று கேட்டுவிட்டு. அந்த "ஒண்ணுமில்லை"யே பாதிப் பேரை நோகடித்திருக்கும். அதனால் முதல் அரைமணி நேரம் உடம்பைப் பற்றியே பேசவிடுவேன்.

மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்று ஒரு படிவம் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். மொத்தம் 27 மதிப்பெண். தூக்கம், பசி, களைப்பு என்று எட்டுவரை வண்டி ஓடிவிடும். ஒன்பதாவது, சாவைப் பற்றியது.

பயிற்சிக் காலத்தில் அந்த இடம் வந்தாலே என் குரல் தணிந்துவிடும். "தப்பான முடிவு ஏதாவது எடுக்கணும்னு தோணுச்சுங்களா?" என்பேன். நாகரிகமாகக் கேட்கிறோம் என்ற நினைப்பு. கடனில் மாட்டியிருந்த, ஐம்பதை ஒட்டிய ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) "சேச்சே, அதெல்லாம் இல்லைங்க மேடம்" என்றார். நானும் பூஜ்யம் போட்டேன். நான்காவது சந்திப்பில்தான் சொன்னார்: "தப்புன்னு சொல்லிக்கிட்டே கேட்டீங்க. ஆமான்னு எப்படிங்க சொல்றது?"

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சட்டமே விட்டுவிட்ட தீர்ப்பை நான் வாயில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இப்போது நேராகக் கேட்கிறேன்: "செத்துப் போயிடலாம்னு தோணுதுங்களா?" கேட்டால் நாமே நினைப்பைக் கிளப்பிவிடுவோம் என்று வீட்டார் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை, எதிரில் இருப்பவரிடமிருந்து பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் வரும்.

"ஆமாம்" என்று கடனில் மாட்டியிருந்த அவர் சொன்ன அன்று "எல்லாம் சரியாயிடும்" என்று நான் சொல்லவில்லை. கடன் அடையுமா என்று எனக்கென்ன தெரியும்? அந்த நினைப்பு எந்நேரம் வருகிறது, அப்போது வீட்டில் யார் இருப்பார்கள், யாரைக் கூப்பிடலாம் என்று இருவருமாக ஒரு தாளில் எழுதினோம். முதலில் தம்பி பெயர், கடைசியில் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. தாளை நாலாக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"அடுத்த செவ்வாய்னு போட்டிருக்கீங்க. வெள்ளிக்கிழமையே வரலாங்களா?"