முத்திரையில் இருக்கும் மதிப்பு

பழைய அஞ்சல்தலைகளை வணிகர்கள் தரம் பிரிக்காமல், உறைத்துண்டோடு சேர்த்து எடைபோட்டு விற்பதுண்டு. பூச்சோங்கில் உள்ள சேகரிப்பாளர் ஒருவர் அத்தகைய பையை வாங்கி மேசையில் கொட்டினால், பெரும்பாலும் எங்கும் கிடைக்கும் அஞ்சல்தலைகளே சிதறும். அழகானவற்றை வணிகர் முன்பே எடுத்திருப்பார். ஆனால், அவசரக் கண் படத்தைத்தான் பார்க்கும்; முத்திரையைப் பார்க்காது.

விக்டோரியா மகாராணியின் உருவம் பொறித்த இந்திய அஞ்சல்தலை ஒன்று அப்பையில் கிடக்கிறது என்போம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 வரை கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டவை. ஆகையால், அங்கும் இந்திய அஞ்சல்தலைகளே வழங்கின. கறுப்புக் கோடுகளுக்கு நடுவே 'பி 172' என்றிருந்தால் அது சிங்கப்பூர் முத்திரை. 'பி 147' என்றால் பினாங்கு. அந்த எண் தெளிவாகத் தெரிந்தால், மலிவான அஞ்சல்தலையின் விலை பன்மடங்கு உயரும்.

ஆசை காட்டும் இந்த இடத்தில்தான் போலிகளும் நுழைகின்றன. 1867-இல் இந்திய அஞ்சல்தலைகள் மீது மகுடமும் 'சென்ட்' மதிப்பும் அச்சிட்டு வெளியிட்டார்கள். அஞ்சலக முத்திரைக்கு மேலே அந்த மகுடம் அமர்ந்திருந்தால், அது பிற்பாடு யாரோ அச்சிட்டது. முத்திரையையே போலியாகக் குத்துவோரும் உண்டு. விலை பேசுமுன் வல்லுநரின் சான்றிதழ் வேண்டும்.

உறைத்துண்டை அவசரப்பட்டு நீரில் ஊறவைக்கக் கூடாது. முத்திரையின் பாதி பல வேளைகளில் அதில்தான் இருக்கும்.